நடுவுல ஒரு ஓட்டை: பிளெண்டர்ல பாய் சர்ஃபேஸ் செஞ்ச கதை

எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்

காதால மட்டும் கேக்குற ஒரு நிகழ்ச்சியில 3டி கிராஃபிக்ஸ் பத்திப் பேசுறது, ரேடியோவுல கோலம் போடச் சொல்லிக்குடுக்குற மாதிரி. ஆனா இந்த எபிசோடுக்கு அது பொருந்தும். ஏன்னா நான் சொல்லப்போற மாடல், கண்ணால பார்க்குறதுக்காகச் செஞ்சது இல்லை.

எனக்கு ஸ்கூல்ல இருந்தே ஒரு நண்பன். பேர் வேண்டாம்னு சொல்லிட்டான். சின்ன வயசுலயே பார்வை போயிடுச்சு. இப்போ கணக்குல பிஎச்டி பண்றான், டோபாலஜி. பேப்பர்களோட லேடெக் ஃபைலை ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டுத்தான் படிப்பான். ஃபார்முலா எல்லாம் அவனுக்குப் பிரச்சினையே இல்லை, என்னைவிட வேகமாப் பிடிச்சுக்குவான். பிரச்சினை, "படம் 3-ஐப் பார்க்கவும்"னு ஒரு வரி வரும்போதுதான். அதுக்கப்புறம் அந்தப் பேப்பர் அவன்கிட்ட பேசாது.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். "நீதான் பிளெண்டர்ல ஏதோ நோண்டிட்டு இருக்கியே, எனக்கு ஒரு பாய் சர்ஃபேஸ் பிரிண்ட் எடுத்துக் குடுடா. அடுத்த மாசம் டிபார்ட்மெண்ட்ல இதைப் பத்திதான் செமினார். எல்லாரும் படத்தைப் பார்த்துட்டு 'ஓ'ங்கிறாங்க. எனக்கும் அந்த 'ஓ' வேணும்."

சரின்னுட்டேன். ஒரு வீக்கெண்ட் வேலைன்னு நினைச்சேன். ரெண்டு தடவை தப்பாப் போச்சு. அதுல ரெண்டாவது தப்பு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, அவன் விரலுக்குத்தான் தெரிஞ்சது. அந்தத் தப்பைப் பத்திச் சொல்லத்தான் இந்த எபிசோடு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடித்தளம் வேணும்.

ஒரு அப்பளமும் அதோட விளிம்பும்

பாய் சர்ஃபேஸ்னா என்ன? 'பாய்'ங்கிறது ஆள் பேர். வெர்னர் பாய், ஜெர்மன் கணிதவியலாளர், டேவிட் ஹில்பெர்ட்டோட மாணவர். 1901-ல இதைக் கண்டுபிடிச்சார்.

ஒரு வட்டமான அப்பளத்தை மனசுல நினைச்சுக்கோங்க, பொரிக்காதது. அதோட விளிம்புல இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் நேர் எதிர்ப்புள்ளியோட ஒட்டணும். 12 மணி இருக்கிற இடத்தை 6 மணியோட, 1 மணியை 7 மணியோட, இப்படி எல்லாத்தையும் ஒரே நேரத்துல. காகிதத்துல முயற்சி பண்ணினா ரெண்டு நிமிஷத்துல கசங்கிடும். அப்பளம் ரப்பரா இருந்தாலும் நம்ம 3டி உலகத்துல அது தன்னைத்தானே வெட்டிக்காம இதைச் செய்யவே முடியாது. சரி, வெட்டிக்கட்டும், ஒரு சுவருக்குள்ள இன்னொரு சுவர் புகுந்து போகட்டும்னு அனுமதி குடுத்துடலாம். ஆனா எங்கேயும் மடிப்பு, கூர்முனை, கிழிசல் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையில முடியுமா?

முடியாதுன்னு நிரூபிச்சுட்டு வாங்கிறதுதான் ஹில்பெர்ட் குடுத்த வேலை. பாய் போய், முடியும்னு ஒரு உருவத்தைச் செஞ்சு காட்டிட்டார். கைடு சொன்னதுக்கு நேர் எதிரா ரிசல்ட் கொண்டுவந்து பாஸான ஆள்.

அந்த உருவத்துக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, அதுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம்னு பிரிவே கிடையாது. ஒரு எறும்பு நடந்துகிட்டே இருந்தா, விளிம்பு எதையும் தாண்டாம, கிளம்பின இடத்துக்கு அடிப்பக்கத்துல வந்து நிக்கும். ரெண்டாவது, மூணு தளங்கள் ஒரே புள்ளியில வெட்டிக்கிற இடம் ஒண்ணு அதுல இருக்கு. ரூமோட மூலையில ரெண்டு சுவரும் தரையும் சேருதில்லையா, அது மாதிரி. ஆனா இங்க மூணுமே அந்த மூலையோட நிக்காம மறுபக்கமும் தொடர்ந்து போகும். இந்த மும்மைப் புள்ளியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

மவுஸால முடியாது, ஸ்க்ரிப்டால முடியும்

பிளெண்டர்ல சாதாரணமா ஒரு உருவம் செய்யறதுன்னா, ஒரு கனசதுரத்தை எடுத்து, இழுத்து, அமுக்கி, செதுக்கிட்டே போவோம். ஒரு டீ கப்புக்கு அது சரி. பாய் சர்ஃபேஸை மவுஸால இழுத்துச் செய்யணும்னா அது எப்படி இருக்கும்னு முன்னாடியே முழுசாத் தெரிஞ்சிருக்கணும். தெரியாததாலதானே செய்யவே உட்கார்றோம்?

ஆனா பிளெண்டருக்குள்ளயே பைத்தான் இருக்கு. ஸ்க்ரிப்டிங் டேபைத் திறந்தா எடிட்டர் வந்துடும். அதுகிட்ட ஒரு மெஷ் குடுக்க ரெண்டு பட்டியல் போதும். முதல் பட்டியல்ல புள்ளிகள், ஒவ்வொண்ணுக்கும் எக்ஸ், ஒய், இசட். ரெண்டாவதுல முகங்கள்: "0-வது, 1-வது, 241-வது, 240-வது புள்ளிகளைச் சேர்த்து ஒரு நாற்கட்டம்"ங்கிற மாதிரி வெறும் நம்பர்கள். ரெண்டையும் 'ஃப்ரம் பைடேட்டா'ங்கிற ஃபங்ஷனுக்குக் குடுத்தா உருவம் திரையில வந்து நிக்கும்.

புள்ளிகள் எங்கிருந்து வரும்? அதுக்கு ராபர்ட் பிரையன்ட், ராப் குஸ்னர்னு ரெண்டு பேர் குடுத்த ஒரு ஃபார்முலா இருக்கு. அதுக்கு இன்புட் ஒரு காம்ப்ளெக்ஸ் நம்பர், டபிள்யூ. அதோட அளவு 0-ல இருந்து 1 வரை, அதாவது நம்ம அப்பளத்து மேல இருக்கிற ஏதாவது ஒரு புள்ளி. அவுட்புட், 3டியில ஒரு புள்ளி. பைத்தான்ல காம்ப்ளெக்ஸ் நம்பர் தனி லைப்ரரி இல்லாமலேயே ஓடும்ங்கிறதால ஃபார்முலா அஞ்சாறு வரிதான்.

முழு ஃபார்முலாவையும் படிச்சுக் காட்டி உங்களைத் தூங்க வைக்கப் போறதில்லை. ரெண்டு பகுதி மட்டும் சொல்றேன், ரெண்டுமே கதைக்கு வேணும். முதல்ல மூணு பின்னங்கள். மூணுக்கும் பகுதி, அதாவது டினாமினேட்டர், ஒண்ணேதான்: டபிள்யூவோட ஆறாவது பவர், கூட்டல் ரூட் 5 தடவை மூணாவது பவர், கழித்தல் 1. அந்தப் பின்னங்கள்ல இருந்து மூணு நம்பர் வரும். கடைசி ஸ்டெப்ல அந்த மூணையும் அவற்றோட வர்க்கங்களின் கூட்டுத்தொகையால வகுக்கணும். இந்த வகுத்தலுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. உருவத்தை உள்ளது வெளியா புரட்டுது: நடுப்புள்ளியில இருந்து ரொம்பத் தூரத்துல இருக்கிறது கிட்ட வரும், கிட்ட இருக்கிறது தூரமாப் போகும்.

நான் 60 வளையம், வளையத்துக்கு 240 புள்ளி, நடுவுல ஒண்ணு எடுத்தேன். மொத்தம் 14,401 புள்ளிகள். ரன் பண்ணினேன். மூணு மடல் முறுக்கிக்கிட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து நிக்கிற ஒரு உருவம் திரையில வந்தது. அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு அந்த 'ஓ' வந்தது. அதை எப்படி அவன் கையில குடுக்கிறதுங்கிறதுதான் மிச்ச வேலை.

தடிமன் எந்தப் பக்கம்?

கணக்குல தளத்துக்குத் தடிமன் கிடையாது. பிரிண்டருக்குத் தடிமன் இல்லாம எதுவும் கிடையாது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் பாதி நாள் போச்சு.

பிளெண்டர்ல சாலிடிஃபைனு ஒரு மாடிஃபையர் இருக்கு. மெல்லிய தளத்தைக் குடுத்தா தடிமன் ஆக்கித் தரும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நார்மல் உண்டு, அதாவது முகம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு காட்டுற அம்பு. அந்த அம்பு காட்டுற திசையில கனத்தை ஏத்தும். முதல்ல, விளிம்புல ஒண்ணு மேல ஒண்ணா உட்கார்ந்திருந்த எதிரெதிர்ப் புள்ளிகளை ஒட்டினேன். அப்புறம் சாலிடிஃபை. ஒரு கோடு நெடுக உருவம் நசுங்கிப்போச்சு.

எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு வண்ணத்துல காட்டுற ஒரு ஓவர்லே இருக்கு, முன்பக்கம் நீலம், பின்பக்கம் சிவப்பு. அதைப் போட்டா, ஒட்டின கோட்டுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. நார்மல்களைத் திருத்துற ஷிஃப்ட் என் அடிச்சேன். கோடு இடம் மாறுச்சே தவிர போகலை. அது பக் இல்லை. உள்ளே வெளியேன்னு ஒண்ணு இல்லாத உருவத்துல, எல்லா அம்புகளும் வெளிப்பக்கம் பார்க்கணும்னு கேட்டா சாஃப்ட்வேர் பாவம் என்ன பண்ணும்? அந்தக் கோட்டுல ரெண்டு பக்க அம்பும் எதிரெதிராப் பார்க்குது. சராசரி எடுத்தா கிட்டத்தட்ட பூஜ்யம். தடிமன் எந்தத் திசையில போறதுன்னு தெரியாம அங்கேயே கசங்குது.

மாடிஃபையரை மூட்டை கட்டிட்டு ஸ்க்ரிப்டுக்கே திரும்பினேன். வழி இதுதான். ஒட்டுறதுக்கு முன்னாடி அது வெறும் அப்பளம், அதுக்கு மேல் கீழ் தெளிவா உண்டு. ஒவ்வொரு புள்ளியிலயும் நார்மலை நானே கணக்குப் போட்டேன்: டபிள்யூவை வலது பக்கம் 0.0001 நகர்த்திப் பாரு, மேல் பக்கம் 0.0001 நகர்த்திப் பாரு, கிடைக்கிற ரெண்டு வெக்டரோட குறுக்குப் பெருக்கல்தான் நார்மல். வளையத்தை ஒட்டி நகர்த்தாம இப்படி நேரா நகர்த்துறதால நடுப்புள்ளியிலயும் பிரச்சினை வராது. இப்போ ரெண்டு காப்பி. நார்மல் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒரு அப்பளம், எதிர்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இன்னொண்ணு. கடைசியா, ரெண்டையும் விளிம்புல தைக்கணும்.

இங்கதான் சுவாரசியம். மேல் காப்பியோட விளிம்புல 0-வது புள்ளியை, கீழ் காப்பியோட 0-வது புள்ளியோட தைக்கக் கூடாது. 120-வது புள்ளியோட தைக்கணும், அதாவது நேர் எதிர்ப்புள்ளி. ஏன்னா ஒட்டுற இடத்துல மேல் பக்கம் போய் கீழ் பக்கமா மாறுது. அப்படித் தைச்சா ரெண்டு புள்ளியும் தானாவே ஒரே இடத்துல வந்து உட்காருது, இடைவெளியும் இல்லை, மேடும் இல்லை. கண்ணுக்கு ஒரு தையல் தெரிஞ்சா பெயின்ட் அடிச்சு மறைச்சுடலாம். தொட்டுப் படிக்கிறவனுக்கு ஒரு தேவையில்லாத மேடுங்கிறது புத்தகத்துல தப்பா அச்சான வரி.

ரெண்டு அப்பளத்தை விளிம்போட விளிம்பு தைச்சா என்ன வரும்? பந்து. உள்ளே வெளியே இல்லாத உருவத்துக்கு மேல போர்த்தின தோல் எடுத்துப் பார்த்தா, அது ஒரு முழுப் பந்து, தாறுமாறா முறுக்கினது. நண்பன்கிட்ட இதைப் பெருமையாச் சொன்னேன். "ஆமாடா, டபுள் கவர். செகண்ட் செமஸ்டர்ல வரும்"னான்.

முதல் பிரிண்ட்

எங்க ஏரியாவுல ஒரு சின்ன கடையில பிரிண்ட் எடுத்துத் தருவாங்க. 15 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை பிஎல்ஏ. சுவர்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போறதைப் பத்திக் கவலைப்படத் தேவையில்லை. எல்லா முகமும் சரியா வெளிப்பக்கம் பார்த்தா ஸ்லைசர் அதை ஒரே திடப்பொருளாச் சேர்த்துக்கும். ஃபைலைப் போட்டப்போ "ஆட்டோ ரிப்பேர் செய்யப்பட்டது"ன்னு ஸ்லைசர்ல ஒரு குட்டி மெசேஜ் வந்து போச்சு. நான் கண்டுக்கலை. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கொண்டுபோய்க் குடுத்தேன். அஞ்சு நிமிஷம் திருப்பித் திருப்பித் தடவினான். முகத்துல ஒண்ணும் வரலை.

"வெளியில மூணு மேடு இருக்கு. புரியுது. ஆனா முக்கியமானதெல்லாம் உள்ள இருக்குடா. நான் எப்படி உள்ள போறது?"

எனக்கு இது தோணவே இல்லை. திரையில நான் கேமராவைச் சுவருக்குள்ள விட்டுப் பார்த்துக்குவேன். அவனோட கேமரா விரல் தானே.

இதுக்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. ஜெர்மனியில கருங்காட்டுப் பகுதியில ஓபர்வோல்ஃபாக்னு ஒரு கணித ஆராய்ச்சி நிறுவனம். அதோட வாசல்ல ஒரு பாய் சர்ஃபேஸ் சிற்பம் நிக்குது, 1991-ல மெர்சிடிஸ் பென்ஸ் செஞ்சு குடுத்தது, இதே பிரையன்ட் குஸ்னர் ஃபார்முலா. அது முழுத் தளமா இல்லை, எஃகுப் பட்டைகள். அப்பளத்து மேல வளையங்களும் ஆரங்களும் வரைஞ்சு, அந்தக் கோடுகளை மட்டும் பட்டையா வளைச்ச மாதிரி. நடுவுல எல்லாம் திறப்பு. அப்பளத்தோட விளிம்பா இருந்த பட்டை, மூணு அரைமுறுக்கு உள்ள மோபியஸ் பட்டையா வரும். அந்த நிறுவனத்தோட சின்னமே அதுதான்.

ஸ்க்ரிப்டுல இது சுலபம். நான் 12 ஆரப் பட்டைகளும் 4 வளையப் பட்டைகளும் வச்சுக்கிட்டு மத்த முகங்களைப் பட்டியல்ல சேர்க்கலை. முகங்களை எடுத்ததும் ஓரம் திறந்து நிக்கும்ல? அதுக்கு ஒரு விதி: எந்த எட்ஜ் ஒரே ஒரு முகத்துக்கு மட்டும் சொந்தமோ, அங்க மேல் காப்பிக்கும் கீழ் காப்பிக்கும் நடுவுல சுவர் கட்டு. பத்து வரி. இந்தத் தடவை ஸ்லைசர் எந்த மெசேஜும் காட்டலை. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இங்க ஒண்ணுமே இல்லைடா"

ரெண்டாவது பிரிண்டை அவன் தொட்ட விதமே வேற. விளிம்புப் பட்டையைக் கண்டுபிடிச்சு, ஆள்காட்டி விரலை வச்சு ஓட்டினான். ஒரு சுத்து வந்ததும் நின்னான். கட்டைவிரலால கிளம்பின இடத்தைப் பிடிச்சிருந்தான். "பட்டைக்கு அந்தப் பக்கம் வந்துட்டேன்." இன்னொரு சுத்து. "இப்போ கட்டைவிரலை இடிக்குது." அப்புறம் அவன் வாயில இருந்து சத்தமில்லாம அந்த 'ஓ' வந்தது. வீடியோ எடுத்திருக்கலாம், எடுக்கலை.

அப்புறம் சுண்டுவிரலை உள்ள விட்டான். மும்மைப் புள்ளியைத் தேடுறான்னு தெரிஞ்சுது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்.

"மூணு தளமும் சேர்ற இடம் எங்கடா?"

"நடுவுல. சரியா நடுவுல."

"நடுவுல ஒண்ணுமே இல்லைடா. ஓட்டை இருக்கு. என் விரல் நுனி உள்ள போகுது. ஓரம் கூட வழவழன்னு கட்டியிருக்கு."

நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உண்மைதான். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு, மூணு பட்டையிலயும் ஓட்டை. அந்த உருவத்துலயே முக்கியமான இடம் எதுவோ, அதுவே இல்லை. பத்து நாள்ல செமினார். இதை நம்பி அவன் போய் நின்னு பேசியிருந்தா?

வீட்டுக்கு வந்து கோடைத் திறந்தேன். குற்றவாளி ரெண்டு வரி, எழுதினது நான்தான், முதல் நாளே. ஃபார்முலாவுல வகுத்தல் இருக்குன்னு பார்த்ததும், வேலையில எப்பவும் பண்ற மாதிரி ஒரு பாதுகாப்பு போட்டிருந்தேன்: டினாமினேட்டரோட அளவு 0.1-க்குக் கீழ போனா அந்தப் புள்ளியை விட்டுடு. பூஜ்யத்தால வகுத்து ஸ்க்ரிப்ட் செத்துடக் கூடாதுல்ல? புரொடக்ஷன்ல இப்படிப் பழகினவங்க நாம. மோசமான டேட்டாவா, தூக்கிப் போடு, மேல போ.

அவனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரெண்டு செகண்ட் அமைதி. "டினாமினேட்டர் எங்க பூஜ்யமாகுதுன்னு பார்த்தியா?" பார்க்கலைன்னேன். "மூணாவது பவரை ஒரு எக்ஸ்னு வச்சுக்கோ. எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ரூட் 5 எக்ஸ் கழித்தல் 1. டிஸ்க்ரிமினன்ட் 5 கூட்டல் 4, ஒன்பது. ரூட் மூணு. அப்போ எக்ஸ், 3 கழித்தல் ரூட் 5, பை 2. அது 0.382. கன மூலம் எடுத்தா..." அதை நான் கம்ப்யூட்டர்ல போட்டேன். 0.7256. கன மூலங்கிறதால மூணு விடை: அதே தூரத்துல 0 டிகிரி, 120, 240. அப்பளத்து மேல மூணு புள்ளிகள். இன்னொரு தீர்வும் உண்டு, ஆனா அது அப்பளத்துக்கு வெளியில விழுது.

"அந்த மூணு இடத்துலயும் பின்னங்கள் முடிவிலிக்குப் போகும்," அவன் தொடர்ந்தான், "ஆனா கடைசி ஸ்டெப்ல நீ புரட்டுற இல்ல? முடிவிலி எங்க வரும்?"

நடுப்புள்ளிக்கு. மூணும் ஒரே நடுப்புள்ளிக்கு.

அதுதான் மும்மைப் புள்ளி. பூஜ்யத்தால வகுக்கிற அந்த மூணு இடங்களும் ஃபார்முலாவோட கோளாறு இல்லை. அப்பளத்தோட மூணு வெவ்வேற பகுதிகள் ஒரே இடத்துல வந்து சந்திக்கிற வாசல்களே அவைதான். நான் அதைக் கெட்ட டேட்டான்னு தூக்கிப் போட்டிருந்தேன். அதோட முதல் பிரிண்ட்ல திறந்து கிடந்த ஓட்டையை ஸ்லைசர் தானாவே மூடிடுச்சு, ஒரு மெசேஜோட. ரெண்டாவதுல என்னோட சுவர் கட்டுற விதியே ஓட்டைக்கு அழகா ஓரம் கட்டிக் குடுத்துடுச்சு. அதனால மெசேஜும் இல்லை. தப்பை முதல்ல ஒளிச்சது ஸ்லைசர், ரெண்டாவதா ஒளிச்சது நான்.

திருத்தம் சின்னதுதான். 0.1-ஐ எடுத்துட்டு பத்து லட்சத்துல ஒண்ணுன்னு போட்டேன். அதுக்கும் கீழ போனா புள்ளியைத் தூக்காம, நடுப்புள்ளியைக் குடு. ஆனா இந்தத் தடவை ஒரு டெஸ்டும் எழுதினேன். எந்த மெஷ்லயும் புள்ளிகள் கழித்தல் எட்ஜ்கள் கூட்டல் முகங்கள்னு போட்டா ஒரு நம்பர் வரும், ஆய்லர் எண். பந்து மாதிரி மூடின தோலா இருந்தா அது 2-தான் வரணும், எவ்வளவு முறுக்கினாலும். பட்டை வெட்டுறதுக்கு முன்னாடி உள்ள முழுத் தோலுக்கு 28,562 கழித்தல் 57,360 கூட்டல் 28,800. சரியா 2. பழைய கோடைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், மைனஸ் 4 வந்தது. மேல் காப்பியில மூணு ஓட்டை, கீழ் காப்பியில மூணு, ஒவ்வொண்ணும் ஒண்ணைக் கழிச்சிருக்கு. இந்த ஒரு வரியை முதல் நாளே எழுதியிருந்தா ரெண்டு பிரிண்ட் காசு மிச்சம். பார்த்தா சரியா இருக்குன்னு விட்டுட்டேன்.

களிமண்ணுல இருந்து வந்த படம்

மூணாவது பிரிண்டுக்குக் காத்திருந்தப்போ அவன் ஒரு பேரைச் சொன்னான்: பெர்னார்ட் மோரின். பிரெஞ்சுக் கணிதவியலாளர், ஆறு வயசுல பார்வை இழந்தவர். பாய் சர்ஃபேஸுக்கு முதன்முதலா வெளிப்படையான ஃபார்முலா குடுத்தது அவர்தான், 1978-ல. பாய் அதைக் கண்டுபிடிச்சு 77 வருஷம் கழிச்சு.

மோரினோட பேர் பெருசானது இன்னொரு விஷயத்துல. ஒரு பந்தைக் கிழிக்காம, மடிக்காம, தன்னைத்தானே ஊடுருவிப் போக மட்டும் விட்டு, சட்டையைத் திருப்புற மாதிரி உள்பக்கத்தை வெளியில கொண்டுவர முடியும்னு ஸ்டீஃபன் ஸ்மேல் 1950-களோட கடைசியில நிரூபிச்சார். முடியும்னு தெரிஞ்சதே தவிர, எப்படிங்கிறதை யாராலயும் லேசுல கற்பனை பண்ண முடியலை. அந்த 'எப்படி'யைப் படிப்படியாத் தெளிவாக்கினவங்கள்ல மோரின் முக்கியமானவர். நடுக்கட்ட உருவங்களைக் களிமண்ணுல செஞ்சார். அதை வச்சு அமெரிக்காவுல பெர்க்லியில சார்ல்ஸ் பியூங்கிறவர் கோழிக்கூண்டுக் கம்பி வலையில மாடல்கள் செஞ்சார். அந்தக் கம்பி வலையை அளந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, 1970-கள்ல நெல்சன் மேக்ஸ் அனிமேஷன் படம் எடுத்தார். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வரலாற்றுல பேர் வாங்கின படம் அது. பார்வை இல்லாத ஒருத்தர் கையால பிடிச்ச களிமண்ணுல இருந்து அது ஆரம்பிச்சிருக்கு.

இதைக் கேட்டதும் என் ஸ்க்ரிப்டுல ஒரு விஷயம் உறைச்சது. தோலைத் தள்ளுறதுக்கு நான் வச்ச தூரம், பிளஸ் ஒரு மில்லிமீட்டர். அதையே மைனஸ் ஒண்ணுன்னு மாத்தினா? மேல் காப்பி கீழ போகும், கீழ் காப்பி மேல வரும், தையல் அப்படியே இருக்கும். ரெண்டையும் ஷேப் கீயா வச்சு ஸ்லைடரை இழுத்தேன். தோல்கள் நெருங்குது, ஒரு கணம் ரெண்டும் ஒண்ணாகி அசல் பாய் சர்ஃபேஸ் மட்டும் நிக்குது, அப்புறம் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகுது. ஓவர்லேல முழு உருவமும் நீலத்துல இருந்து சிவப்பாயிடுச்சு. பந்து உள்வெளியா திரும்பிடுச்சு. மோரினோட பாதிவழி உருவம் வேற, அவர் பேராலயே அதைச் சொல்றாங்க. ஆனா பாய் சர்ஃபேஸையும் அந்தப் பாதிவழியா வைக்க முடியும், இந்த ஸ்லைடர் காட்டுறது அந்த நடுக்கணம். உருண்டையான பந்துல இருந்து இந்த முறுக்கு வரைக்கும் போறதுதான் கஷ்டமான பகுதி, அது என் ஸ்க்ரிப்டுல இல்லை.

"எல்லாம் சிவப்பாயிடுச்சு மச்சான்!"னு போன்ல கத்தினேன்.

"எனக்கு எதுக்குடா கலர்? பிரிண்ட் எப்போ வரும், அதைச் சொல்லு."

செமினாருக்கு நாலு நாள் முன்னாடி வந்தது. இந்தத் தடவை நேரா சுண்டுவிரலை நடுவுல விட்டான். ஒரு பட்டையைத் தொட்டு அதோட திசையிலயே இழுத்தான், இன்னொண்ணு, இன்னொண்ணு. "மூணு,"ன்னான். "மூணும் நிக்காம அந்தப் பக்கம் போகுது." திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சான். நான் டீ குடிச்சுட்டு வந்தேன், அப்பவும் விடலை.

அப்புறம் விளிம்புப் பட்டையோட அடிப்பக்கத்துல விரல் நின்னது. "இங்க சொரசொரன்னு இருக்கே, இது கணக்கா, பிரிண்டரா?"

"பிரிண்டர்டா. சப்போர்ட் ஒட்டியிருந்த இடம்."

"அப்போ தேய்ச்சுக் குடு."

அன்னிக்கு ராத்திரி உப்புத்தாள் வாங்கிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பட்டைக்கு ஒரு பக்கம்தான், ஆனா ரெண்டு சுத்து தேய்க்கணும்.